சாட்சிக்கு வெளியாள் வேண்டாம்

உக்காருங்க வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கோர்ட்டுல இருந்து கமிஷனர் வாராருன்னு சொன்னதும் தலை நரைச்ச ஆளா இருக்கும்னு நினைச்சேன். நீங்க என் மவ வயசுல இருக்கீங்க. இருக்கட்டும். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. அளந்து ரெண்டாப் பிரிச்சுக் காட்டுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு, நீங்க அளக்க வந்திருக்கீங்க. சர்வேயரு நாடாவோட வாசல்ல நிக்காரு. தலையாரியும் வந்தாச்சு. அளக்கட்டும், நான் குறுக்க விழுந்து மறிக்கப் போறதில்ல. ஆனா எதை வெட்டுதோம்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டுங்க. அதுக்குத்தான் உக்காரச் சொன்னேன்.

அன்னா பாருங்க, கேட்டுக்கு வெளிய கொடுக்காப்புளி மரத்தடியில குடையப் பிடிச்சிட்டு ஒருத்தி நிக்காள்லா, அவதான் வாதி. என் கூடப் பிறந்தவ. எமிலின்னு பேரு. உள்ள வர மாட்டா. நான் உயிரோட இருக்க வரைக்கும் இந்த நடையில கால் வைக்கப்புடாதுன்னு சொல்லியிருக்கேன், அதனால வெயில்ல நிக்கா. நிக்கட்டும். நான் நிக்கச் சொல்லல. அவளா கேஸு போட்டா, அவளா நிக்கா.

இந்த ஹாலைப் பாருங்க. நடுவுல ஒரு தூண் இருக்கா? கிடையாது. எங்கப்பா வேதக்கண் மரக்கடை வச்சிருந்தாவ. கடைக்கு வர்ற தடியில நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டா அதை விக்க மாட்டாவ, வீட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருவாவ. அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கட்டுன வீடு. இந்த வாசக் கதவு ரெண்டு பலகையும் ஒரே தடியில அறுத்தது. இப்ப என்னடான்னா உங்க பிளான்ல இந்த ஹாலுக்கு நடுவுல சுவரு வருதாம். கதவுல ஒரு பலகை எனக்கு, ஒரு பலகை அவளுக்கா? வயிறு எரியுது வக்கீலம்மா. நல்லா எரியுது. சொல்லிட்டேன்.

நான் யாருன்னு கேளுங்க. ஏசுவடியான்னு சொன்னா இந்த வட்டாரத்துல தெரியாத ஆளு கிடையாது. கரண்டு ரீடிங் எடுக்கிற வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். எல்லா வீட்டுக்குள்ளயும் போயிருக்கேன். மீட்டரு எங்க இருக்கும்? நடையில இருக்கும். நான் அட்டையில எழுதிக்கிட்டு நிப்பேன், உள்ள அண்ணனும் தம்பியும் சொத்துக்கு அடிச்சுக்கிடுவான். ரீடிங் எடுக்க வந்தவன்தானேன்னு ஒருத்தனும் குரலைக் கூடத் தணிக்க மாட்டான். எந்த வீட்டுல யாரு யாரை ஏமாத்துனான்னு எனக்கு அத்துப்படி. சாயங்காலம் டீக்கடையில உக்காந்தா எல்லாரும் என் வாயைத்தான் பாப்பானுவ. அப்பவே எனக்கு ஒண்ணு விளங்கிட்டு. வீட்டுக் காரியத்துல வெளியாளு மூக்கை நுழைச்சான்னா அந்தக் குடும்பம் நாறிப் போகும். வெளியாளை நம்பவே கூடாது.

எங்கம்மா முதல்லயே போய்ச் சேந்துட்டாவ. கடைசியில அப்பா படுத்துட்டாவ. அன்னா, அந்த மேக்கால அறையில, ஜன்னலோரமாத்தான் கட்டில் கிடந்துச்சு. எமிலி வந்து இருந்தா. இல்லைன்னு சொல்லல. தூக்கி உக்கார வைக்கிறது, துடைக்கிறது, துணி அலசுறது, கஞ்சி ஊட்டுறது எல்லாம் அவதான். என் சம்சாரம் ஞானதீபத்துக்கு முட்டுவலி, எனக்கு அந்த வாடை ஒத்துக்கிடாது. மகள்னா இருக்கத்தான் செய்வா. அதுக்குக் கூலியா வீட்டைக் கேப்பாளா? அவளுக்கு என்ன குறைன்னு கேக்கேன். மாப்பிள்ளை செத்த பெறவும் தூத்துக்குடியில கொழுந்தன் வீட்டு மாடியில ஒரு அறை குடுத்து வச்சிருக்காவ. சமைச்சுப் போட்டுக்கிட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதானே.

அவ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இருந்தா அப்பா மனசு மாறிரும்னு எனக்குப் பட்டுச்சு. வயசான மனசு வக்கீலம்மா, கஞ்சி ஊட்டுற கையைத்தான் அது பாக்கும். அதனால உயிலை எழுதி வாங்கிருவோம்னு முடிவு பண்ணுனேன். வக்கீல்கிட்ட போகல. கோவிச்சுக்கிடாதீங்க, வக்கீலும் வெளியாளுதானே. என்கூட வேலை பாத்த சுப்பையா வீட்டுல அவங்க அப்பா எழுதுன உயில் ஒண்ணு இருந்துச்சு. அதை வாங்கி, பேரையும் நாலெல்லையையும் மாத்தி, நானே என் கையால எழுதினேன். வீடு முழுசும், வாசல்ல இருந்து பின்னால கிணறு வரைக்கும், மகன் ஏசுவடியானுக்குன்னு. எமிலியை அன்னைக்குக் காலையில மருந்து வாங்கிட்டு வான்னு தூத்துக்குடிக்கு அனுப்பிட்டேன். இங்கயே கிடைக்கிற மருந்துதான். ஆனா அவ இருந்தா காரியம் நடக்குமா?

எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. யாராவது உயில் எழுதுனா உபதேசியார் வந்து ஒரு ஜெபம் பண்ணுவாரு, சபையில பெரியவங்க ரெண்டு பேரு கேட்டுட்டுச் சாட்சி போடுவாவ. அப்பாவும் அதைத்தான் சொன்னாவ. "ஏல, உபதேசியாரைக் கூப்பிடு. அடுத்த வீட்டு சாரையும் கூப்பிடு. அவிய வந்து கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்"னாவ. அடுத்த வீட்டு சாருன்னா பாக்கியநாதன் சாரு, எட்மாஸ்டரா இருந்தவரு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காரு. எமிலிக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவரு வேற. அவரு வந்தா என்ன கேப்பாரு? "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னுதான் கேப்பாரு. உபதேசியாரு அதுக்குத் தோதா ஒரு வசனம் சொல்லுவாரு. அப்பா கண்ணுல தண்ணி வந்துரும். என் வீடு போயிரும். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?

"வெளியாளு எதுக்குப்பா, வீட்டோட முடிச்சுக்கிடுவோம்"னு சொல்லிட்டேன். சுப்பையா வீட்டு உயில்லயும் மருமவளும் அவ தம்பியும்தான் சாட்சி. அதே மாதிரி ஞானதீபத்தையும் அவ தம்பி துரைசிங்கையும் கூப்பிட்டு உக்கார வச்சேன். அப்பா பேனாவைக் கையில வாங்குனாவ. பெறவு, "இந்த மேக்கால அறையை மட்டும் எமிலிக்கு விட்டிரேம்ல. கிணத்தடிப் பக்கமா ஒரு வழி வச்சிரு. அவ எங்க போவா"ன்னாவ. "பெறவு எழுதிக்கிடுவோம்பா, இப்ப இதுல போடுங்க"ன்னேன். போட்டுட்டாவ. போட்டுட்டுச் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ.

அடுத்து இவ போடணும். என் சம்சாரம். அப்பவும் இவ சும்மா இருந்தாளா? "ஏங்க, வெளியாளு போட்டா நல்லதுல்லா? உங்களுக்கு எழுதுறதுல நான் எப்படிப் போட?"ங்கா. அப்பாவை வச்சுக்கிட்டு அப்படி ஒரு கேள்வி. எனக்கு எப்படி இருக்கும்? "ஏட்டி, உனக்குச் சட்டம் தெரியுமா, எனக்குத் தெரியுமா? போடுன்னா போடு"ன்னு ஒரு சத்தம் போட்டேன். போட்டா. அழகா, நிதானமா, முழுப் பேரு, அதுக்குக் கீழ என் பேரையும் போட்டு அன்னார் மனைவின்னு எழுதுனா. அந்த எழுத்துதான் வக்கீலம்மா. அந்த எழுத்துதான் என் குடியைக் கெடுத்துச்சு.

காப்பி குடிங்க, ஆறிரும். அவதான் போட்டது. காப்பி நல்லாத்தான் போடுவா.

அப்பா போனாவ. அடக்கமெல்லாம் நல்லா நடந்துச்சு. துக்க நிவர்த்தி ஜெபத்துக்கு சபை முழுசும் இந்த ஹால்ல உக்காந்திருந்துச்சு. ஜெபம் முடிஞ்சு எல்லாரும் எழும்பப் போற நேரத்துல நான் உயிலை எடுத்து வாசிச்சேன். ஏன்னு கேளுங்க. பின்னால ஒருத்தரும் ஒண்ணும் பேசக்கூடாது பாருங்க. சத்தமா வாசிச்சேன். சாட்சி பேரு வரைக்கும் விடாம வாசிச்சேன். பாக்கியநாதன் சாரு எழும்பி, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையாப்பா?"ன்னாரு. நான் சொன்னேம்லா? அதே கேள்வி. அத்தனை பேரு முன்னால. "சாரு பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்கிடட்டும்"னு சொன்னேன். அவரு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அன்னையில இருந்து அவரோட பேச்சு கிடையாது. எதிர்ல வந்தா நான் ஆகாசத்தைப் பாப்பேன்.

மறுநாளு எமிலி என் முன்னால வந்து நின்னா. அழவும் இல்ல, சண்டை போடவும் இல்ல. "அண்ணே, வீடு உனக்குத்தான். அதை நான் கேக்கல. அந்த மேக்கால அறையில நான் வந்தா தங்கிக்கிடுதேன். அப்பா என்கிட்டயும் சொன்னாவ. வாயால சரின்னு சொல்லு போதும்"னா. வாயால சொன்னாப் போதுமாம். பாத்தீங்களா எவ்வளவு தந்திரம்னு. இன்னைக்கு அறை, நாளைக்குக் கிணறு, அடுத்து நடை. எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். எனக்கு எங்க இருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ. உயில் நகலு ஒண்ணு போட்டு வச்சிருந்தேன், அதை அவ கையில திணிச்சேன். "இதுல உன் பேரு எங்க இருக்குன்னு தேடு. உன்னால முடியலைன்னா நல்ல வக்கீலாப் பாத்து வாசிக்கச் சொல்லு. இனி இந்த நடை ஏறாத"ன்னேன். துணிப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

சொன்னபடியே நல்ல வக்கீலாப் பாத்துட்டா. அண்ணன் சொன்னான்னு அதையாவது செஞ்சாளே.

நோட்டீசு வந்தப்போ நான் சிரிச்சேன். பாதி வீடு வேணுமாம். எங்க வக்கீலும் சிரிச்சாரு. அவருக்குச் சிவில் கேஸுன்னா வாடகைப் பாக்கி, வேலித் தகராறு, அவ்வளவுதான் பழக்கம்னு பின்னாலதான் தெரிஞ்சுது. அப்பாவுக்குச் சுயநினைவு இல்லாம கையெழுத்து வாங்கிட்டோம்னு சொல்லுவாவ, அதனால உயில் ஒழுங்கா நடந்துச்சுன்னு நிரூபிச்சாப் போதும்னு அவரு சொன்னாரு. சாட்சி போட்டவங்களை ஏத்துவோம்னாரு. நான் ஞானதீபத்துக்கு ஒரு வாரமா படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பயப்படாத, முணுமுணுக்காத, ஜட்ஜுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு, நீதான் சாட்சி போட்டேன்னு அடிச்சுச் சொல்லுன்னு.

அடிச்சுத்தான் சொன்னா. வேதத்து மேல சத்தியம் பண்ணிட்டு நின்னா. அந்தப் பக்கத்து வக்கீல் எழும்பினாரு. ஒல்லியா ஒரு மனுசன், இருமல் வேற. அப்பா நினைவோட இருந்தாரான்னு கேப்பாருன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். அவரு அதைக் கேக்கவே இல்ல. "ஏசுவடியான் உங்களுக்கு யாரும்மா?"ன்னாரு. "என் வீட்டுக்காரரு"ன்னா. "இந்தக் கையெழுத்து உங்களுதா? சாட்சியாத்தான் போட்டீங்களா?"ன்னாரு. "ஆமா, சாட்சியாத்தான் போட்டேன்"னு கோர்ட்டுக்கே கேக்குற மாதிரிச் சொன்னா. அவரு ஜட்ஜைக் கும்பிட்டுட்டு உக்காந்துட்டாரு. கேக்க ஒண்ணும் இல்லாம ஓடிட்டான் பாருன்னு நான் துரைசிங்கைத் தட்டிச் சிரிச்சேன். எங்க வக்கீல் மட்டும் கைக்குட்டையை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. புழுக்கம்னு நினைச்சேன்.

உங்களுக்குத் தெரியும்லா, வக்கீலம்மா. நீங்க படிச்ச சட்டந்தானே. எவனுக்குச் சொத்து எழுதியிருக்கோ அவனும் சாட்சி போடக்கூடாது, அவன் பொண்டாட்டியும் போடக்கூடாது. போட்டா உயில் நிக்குமாம், ஆனா அவனுக்குக் குடுத்தது மட்டும் நிக்காதாம். இது என்ன கூத்து? பந்தியில இலை உண்டு, சோறு கிடையாதுன்னு சொல்ற மாதிரி இல்ல? உயில்ல என்னைத் தவிர வேற ஒருத்தர் பேரும் கிடையாது. அப்ப உயிலே எழுதாம அப்பா செத்த மாதிரிதான், மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதின்னு ஜட்ஜு எழுதிட்டாரு. அப்பீலுக்குப் போனேன். அங்கயும் அதேதான்.

இதுல இன்னொண்ணு கேளுங்க. இந்தச் சட்டம் கிறிஸ்தவங்களுக்கு உண்டாம், இந்துக்களுக்குக் கிடையாதாம். அதான் சுப்பையா வீட்டுல மருமவ போட்ட சாட்சி செல்லுது, என் வீட்டுல செல்லல. ஒரே ஆபீசு, ஒரே வேலை, ஒரே மாதிரி உயில். அவன் வீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கான். நான் இங்க சர்வேயருக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இருக்கேன். அவன்கிட்டப் போய்ச் சண்டை போட்டேன். "நீ உயிலை இரவல் கேட்டியே தவிர, எதுக்குன்னு சொன்னியால"ங்கான். நான் எதுக்குச் சொல்லணும்? அவன் வெளியாளுதானே.

தீர்ப்பு வந்த அன்னையில இருந்து ஞானதீபத்துகிட்டயும் எனக்குப் பேச்சு குறைவுதான். சோத்தை வைப்பா, திம்பேன். சபையில யாரு கேட்டாலும் ஒளிக்காமச் சொல்லுதேன், என் பொண்டாட்டி கையெழுத்துதான் என் வீட்டைத் தின்னுச்சுன்னு. இவ பக்கத்துல நிக்கும்போதே சொல்லுதேன். சொல்லாம என்ன செய்ய? நான் போடச் சொன்னேன், சரி. தெரியாமச் சொன்னேன். இவளுக்குத்தான் அன்னைக்கே மனசுல என்னமோ பட்டிருக்கே? பட்டதை அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு சத்தம் போட்டதுக்கே பயந்து போய்க் கையெழுத்து போடுதவ என்ன பொண்டாட்டி?

என்ன சர்வேயரே, ஆச்சா? மேக்கால அறையும் அளந்தாச்சா? அந்த அறை யாரு பக்கம் வருது? அவ பக்கமா. கிணறும் அவ பக்கமா. சரி. அப்பா கேட்டதுக்கு மேலயே வாங்கிட்டா. வாயால சரின்னு சொல்லியிருந்தா அறையோட போயிருப்பான்னு சபையில நாலு பேரு பேசுதான். பேசட்டும். அவனுக்கெல்லாம் என்ன தெரியும்?

என்னம்மா, கையெழுத்தா? நான்தான் போட்டுட்டேனே. ஓ, அளக்கும்போது கூட இருந்தவங்க ரெண்டு பேரு சாட்சி போடணுமா. ஒண்ணு தலையாரி போடுவாரு. இன்னொண்ணுக்கு ஊருக்குள்ள போய் எவனையும் கூப்பிடாதீங்க. அவன் வந்து சுவரு எங்க வருது, கதவு யாருக்குன்னு பாத்துட்டுப் போய் டீக்கடையில அளப்பான். வீட்டாளு போட்டா உங்க தாளுக்குத் தப்பில்லையே? இல்லேல்லா. ஞானதீபம், இங்க வா. வக்கீலம்மா காட்டுற இடத்துல உன் பேரை எழுது.

என்ன நிக்க? பேனாவைப் பிடி.

என்ன சொன்ன?

கேட்டீங்களா வக்கீலம்மா. போட மாட்டாளாம். "நான் சாவுற வரைக்கும் இனி எந்தத் தாள்லயும் என் பேரை எழுத மாட்டேன். வெளியாளைக் கூப்பிடுங்க"ங்கா. என் முகத்தைப் பாத்துச் சொல்லுதா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி ஒரு வார்த்தை இவ வாயில வந்தது கிடையாது. ஏட்டி, கோர்ட்டு ஆளு முன்னால என்னைக் கேவலப்படுத்தணும்னு கங்கணம் கட்டியிருக்கியா? போடுன்னா போடு.

எங்க போற? அந்தக் காப்பி யாருக்கு? ஏட்டி, கேட்டைத் திறக்காத. ஞானதீபம், கேட்டைத் திறக்காதன்னு சொல்லுதேன்.

பாருங்க. திறந்துட்டா. குடையை வாங்கி மடக்குதா பாருங்க, அவ கையைப் பிடிச்சு நடை ஏத்துதா. என் வீட்டுல, என் கண் முன்னால. ரெண்டு பேரும் இங்க ஒரு பார்வை பாக்காம நேரா மேக்கால அறைக்குள்ள போறாளுவ. நல்லா இருங்க. நல்லாக் குடிங்க காப்பி. எழுதிக்கோங்க வக்கீலம்மா, பிரதிவாதியின் மனைவி வாதியோட சேந்துக்கிட்டாள்னு உங்க ரிப்போர்ட்டுல எழுதுங்க. எழுத முடியாதா? நீங்களும் அந்தப் பக்கந்தானா?

என்னது, சாட்சி இல்லைன்னா நான் ஒத்துழைக்கலைன்னு எழுதிருவீங்களா? இருங்க. எழுதாதீங்க. ஒரு நிமிசம் இருங்க, வாரேன்.

சார். பாக்கியநாதன் சார். இந்தப் பக்கம், சுவத்துப் பக்கம் பாருங்க சார். நான்தான், ஏசுவடியான். ஆமா சார், ரொம்ப நாளாச்சு. ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் வந்துட்டுப் போகணும். ஒரு சாட்சிக் கையெழுத்து. வீட்டுல ஆளு இல்ல சார்.